வந்த காரணம்

குறிச்சிக்கோட்டை,
உடுமலைப்பேட்டை வட்டம்.
14.9.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கனிஷ்கா எழுதுவது. நானும் அத்தையும் மாமாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீங்கள் சுகமா என்று போனில் கேட்கும்போதெல்லாம் "நல்லா இருக்கறேன் கண்ணு, சாப்பிட்டியா" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறீர்கள். சாப்பிட்டேன் என்கிறேன். அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கடிதம் என்றால் நடுவில் வைத்துவிட முடியாது என்பதால் எழுதுகிறேன். முழுவதும் படியுங்கள் அப்பா.

முதலில் வீட்டுச் செய்தி. இந்த வாரம் சாயங்காலம் தோறும் மழை. களத்தில் காய்ந்துகொண்டிருந்த கொப்பரை பாதி நனைந்துவிட்டது. தனபால் மாமா வானத்தைத் திட்டிக்கொண்டே தார்ப்பாயை இழுத்துப் போட்டார். அத்தைக்கு முழங்கால் வலி குறையவில்லை. டாக்டரிடம் போகலாம் என்று கூப்பிட்டால், போனால் நோய்க்கு ஒரு பேர் வைப்பார், பேர் வைத்தால் மாத்திரை கொடுப்பார், பேரில்லாத வலியே போதும் என்கிறார். உங்கள் அக்காவை நீங்கள்தான் அதட்ட வேண்டும்.

எனக்குக் காலாண்டுத் தேர்வு நடக்கிறது. வேதியியல் மட்டும் கொஞ்சம் பயம். வகுப்பு தொடங்கி ஒரு மாதம் கழித்துச் சேர்ந்ததால் வருகைப் பதிவேட்டில் என் பெயர்தான் கடைசி. டீச்சர் எல்லாரையும் கூப்பிட்டு முடித்து ஏட்டை மூடப் போவார், என்னைப் பார்த்ததும் மறுபடி திறப்பார். கோயம்புத்தூர் பள்ளியில் நான் முதல் மதிப்பெண் வாங்கியதெல்லாம் இங்கே யாருக்கும் தெரியாது. முதல் வாரம் அழுகையாக வந்தது. இப்போது பழகிவிட்டது. ஊர் நூலகத்தில் என்னைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள், அது போதும்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பழைய பட்டாலியனிலிருந்து மயில்சாமி சித்தப்பா வந்திருந்தார். லீவில் வெள்ளகோவில் வந்தவர், என்னைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று பைக்கிலேயே வந்துவிட்டார். அம்மாவுடைய கருமாதிக்கு வர முடியாததைச் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டார். அவர் கையில் ஒரு பை இருந்தது. உள்ளே ஸ்வீட் பாக்ஸ் இருப்பது வெளியே தெரிந்தது. ஆனால் அவர் அதை யாரிடமும் கொடுக்கவில்லை. நாற்காலிக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டு, காபி குடிக்கும்போதெல்லாம் காலால் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினார்.

மாமா வழக்கம்போல் உங்களைப் பற்றிப் பெருமை பேச ஆரம்பித்தார். மாப்பிள்ளை நாயப் சுபேதார் ஆகி இத்தனை நாளாகியும் ஒரு பார்ட்டி வைக்க முடியவில்லை, நேரம் அப்படி ஆகிவிட்டது, வருஷம் திரும்பட்டும், கிடா வெட்டி ஊருக்கே போட்டுவிடலாம் என்றார். சித்தப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

"அண்ணன் இன்னும் ஹவில்தார்தானுங்க" என்றார்.

மாமா சிரித்தார். பட்டாளத்துக்காரர்கள் உண்மையைச் சொல்ல மாட்டீர்கள் என்று கேலி செய்தார். சித்தப்பா சிரிக்கவில்லை. பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னார். பட்டாலியனில் அடுத்த நாயப் சுபேதார் ஸ்டார் உங்களுக்குத்தான் வரவேண்டியது, உங்களுக்கு அடுத்த இடத்தில் சித்தப்பா இருந்தார். கோயம்புத்தூர் மாற்றல் தானாக வந்தது என்று எங்களிடம் சொன்னீர்கள். அது நீங்கள் கேட்டு வாங்கியது என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. சொந்தக் கோரிக்கையில் யூனிட் மாறினால், போகிற இடத்தில் சீனியாரிட்டி கடைசியில் இருந்துதான் ஆரம்பம். இத்தனை வருடம் வரிசையில் நின்று முன்னால் வந்ததை விட்டுவிட்டு, புது வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும். அதற்குச் சம்மதித்துத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள். ஜூலையில் பட்டாலியனில் இடம் காலியானது. அது சித்தப்பாவுக்குக் கிடைத்தது.

அத்தை சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப என்ற தம்பிய ஆரு கீழ எறக்குனது?" என்று கேட்டார்.

"ஆரும் எறக்கலீங்க அக்கா. அவராவே எறங்கிப்போட்டாருங்க."

பிறகு அத்தை நாற்காலிக்கு அடியிலிருந்து அந்தப் பையை இழுத்து, பெட்டியைப் பிரித்து, ஒரு லட்டை எடுத்துச் சித்தப்பாவின் வாயருகே கொண்டுபோனார். "உன்ற மேல என்ன தப்பு சாமி. வாயத் தொற" என்றார். சித்தப்பா வாயைத் திறந்தார், மெல்லத்தான் முடியவில்லை. அத்தை உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டார். பாத்திரம் ஒன்றும் கழுவவில்லை என்பது எனக்குத் தெரியும்.

மாமா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. அவருக்கு அந்த பேனர் ஞாபகம் வந்திருக்கும். எனக்கும் வந்தது. கருமாதிக்கு முந்தின நாள் நால்ரோட்டில் மாமா வைத்த கண்ணீர் அஞ்சலி பேனர். நீங்கள் பிரமோஷனோடு மாற்றலாகி வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, அம்மா படத்துக்குக் கீழே 'நாயப் சுபேதார் திருமூர்த்தி, இந்திய இராணுவம்' என்று உங்கள் பெயரைப் பெரிதாகப் போட்டிருந்தார். நீங்கள் அதன் முன்னால் வெகுநேரம் நின்றீர்கள். அம்மா முகத்தைப் பார்க்கிறீர்கள் என்று நினைத்துத்தான் நான் பக்கத்தில் வராமல் தள்ளி நின்றேன். பிறகு பையன்களைக் கூப்பிட்டு, காற்று பலமாக அடிக்கிறது, கழற்றிவிடுங்கள் என்றீர்கள். அன்றைக்கு ஒரு வேப்பிலைகூட அசையவில்லை அப்பா.

மாமா மேல் கோபம் இருந்தால் விட்டுவிடுங்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பேனர் வைத்திருப்பேனா என்று அத்தையிடம் அவர் கேட்டது எனக்குக் காதில் விழுந்தது.

15.9.2025

நேற்று இதற்கு மேல் எழுத முடியவில்லை. இன்று வேதியியல் தேர்வு முடிந்தது. பயந்த அளவுக்கு இல்லை.

ஒன்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. முழுதாகத் தெரியாது. ஆனால் ஏதோ இருக்கிறது என்று தெரியும். ஒரு சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து வந்து படுத்திருந்தபோது நீங்கள் அம்மாவின் காட்டன் சேலையை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தீர்கள். யூனிஃபார்ம் மாதிரி மடிப்பு கத்தியாக நின்றது. அம்மா என்னைப் பார்த்து, இதைக் கட்டிக்கொண்டு நான் ஆஸ்பத்திரிக்குப் போவதா, பரேடுக்குப் போவதா என்று கேட்டுச் சிரித்தார். நீங்கள் பால் வாங்கக் கடைக்குப் போன பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்.

"உங்கப்பா எதையோ உட்டுப்போட்டு வந்திருக்கறாரு கண்ணு. மொகத்தப் பாத்தாலே தெரியுது. நீ கேட்டுப்போடாத. கேட்டா அவரு பொய் சொல்லோணும்."

அதனால்தான் நான் கேட்கவில்லை. அம்மா அந்தச் சேலையைத் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதம்தான் நாம் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தோம். இரண்டு மாதத்துக்காகவா அத்தனையும் போயிற்று என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நீங்கள் லீவுக்கு வந்து லீவு முடிந்து போகிறவர். நீங்கள் சனிக்கிழமை முகாமிலிருந்து வீட்டுக்கு வந்து, திங்கட்கிழமை போய், மறுபடி சனிக்கிழமை வந்தது அந்த இரண்டு மாதம்தான். அம்மா வெள்ளிக்கிழமையே தலை குளித்துவிடுவார்.

சித்தப்பா கிளம்பும்போது நான் வாசல் வரை போனேன். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் அவர் ஒரு விஷயத்தைச் சொன்னார். நான் சொல்கிறேன், அவரைத் திட்டாதீர்கள். மறுபடி பட்டாலியனுக்கே வந்துவிடுகிறேன் என்று அவரிடம் சொன்னீர்களாம். ஹெட் கிளார்க்கிடம் பேசிப் பார்க்கச் சொன்னீர்களாம். இந்த மாதக் கடைசியில் விண்ணப்பம் கொடுக்கப் போகிறீர்களாம். ஏன் அண்ணா என்று அவர் கேட்டதற்கு, வந்த காரணம் முடிந்துபோயிற்று என்றீர்களாம்.

திரும்பிப் போனால் விட்ட இடம் கிடைக்குமா என்று சித்தப்பாவிடம் கேட்டேன். கிடைக்காது என்றார். அங்கேயும் மறுபடி கடைசிதான். நீங்கள் கற்றுக்கொடுத்து வளர்ந்தவர்களெல்லாம் முன்னால் நிற்பார்கள். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்காமல் பைக் சாவியையே திருப்பிக்கொண்டிருந்தார். "மேலதிகாரின்னு அண்ணன் என்னைய 'சாப்'னு கூப்பிடோணும் அம்மணி. அதக் காதுல வாங்கிட்டு நான் எப்படி நிக்கறது" என்றார். அவருக்காகவும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

ஸ்டாருக்காக நீங்கள் திரும்பிப் போகவில்லை என்பது எனக்குப் புரிகிறது. அது கிடைக்காது என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அப்படியென்றால் எதற்காகப் போகிறீர்கள் என்று யோசித்தேன். கோயம்புத்தூரில் அம்மாவுக்கு டயாலிசிஸ் செய்த அந்த ஆஸ்பத்திரி வழியாகத்தான் உங்கள் பஸ் போகிறது. நாம் இருந்த வீடும் அந்தப் பக்கம்தான். ஆகஸ்டில் இங்கே வந்தபோது, இரண்டு நாள் இருப்பதாகச் சொன்னவர் மறு பஸ்ஸிலேயே போய்விட்டீர்கள். நான் காபி கொண்டுவந்து கொடுத்தபோது நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சட்டென்று எழுந்தீர்கள். நான் அப்படியே அம்மா ஜாடை என்று எல்லாரும் சொல்கிறார்கள். முகத்தை என்னால் ஒன்றும் செய்ய முடியாது அப்பா. அம்மா மாதிரி ஒற்றைப் பின்னல் போடுவதை விட்டுவிட்டேன். இப்போது இரட்டைப் பின்னல். கண்ணாடியில் பார்த்தால் கொஞ்சம் வேறு மாதிரிதான் தெரிகிறது.

ஹவில்தாராகவே இருந்தால் இரண்டு வருடம் முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றும் சித்தப்பா சொன்னார். மாமா உச்சுக்கொட்டினார். நானும் வருத்தப்பட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. அத்தை என்னைக் கேட்காமல் எதுவும் சமைப்பதில்லை. பள்ளிக் கூட்டத்துக்கு மாமா வந்து கையெழுத்துப் போடுகிறார். எனவே என்னைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை என்றுதான் எழுத வேண்டும். மூன்று முறை அப்படி எழுதினேன். எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன்.

உக்கடம் பஸ் ஸ்டாண்டிலிருந்து இங்கே வர இரண்டு மணி நேரம்தான் ஆகிறது. விண்ணப்பம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். பேச வேண்டாம். சாப்பிட்டுவிட்டுப் படுத்துத் தூங்கினாலும் போதும். உங்களைத் தூங்கவிடச் சொல்லி அத்தையிடம் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று எழுதிக் கொடுத்தீர்கள், கோயம்புத்தூர் கொடுத்தார்கள். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை அப்பா. நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாகப் படிக்கிறேன். காரணம் என்று எழுதிக் கொடுக்க என்னிடம் எதுவுமே இல்லை. இருந்தாலும் இங்கேயே இருங்கள்.

திருமூர்த்தி மலைச் சாமி உங்களுக்குத் துணையிருக்கட்டும்.

உங்கள் அன்பு மகள்,
தி. கனிஷ்கா