எனக்காக நீங்கள் சொன்னவை

இஞ்சாருங்கோ,

குசினி யன்னல்களை நேற்றிலிருந்து திறந்துதான் வைத்திருக்கிறேன். ஆனாலும் கூழ் வாசம் போகவில்லை. நண்டும் பழப்புளியும் பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவும் சேர்ந்து கொதித்த வாசம் திரைச்சீலைகளில் ஏறியிருக்கிறது. இன்று காலை விளக்கேற்றப் போனபோது சாமியறையிலும் இருந்தது. நீங்கள் இருந்திருந்தால், "சாமியும் ஒரு வாய் குடிக்கட்டுமன்" என்று சொல்லியிருப்பீர்கள். நான் முகத்தைச் சுளித்திருப்பேன்.

நீங்கள் போனபிறகு இந்த வீட்டில் கூழ் காய்ச்சியதில்லை. ஒரு ஆளுக்குக் கூழ் காய்ச்ச முடியாது. அது பானையைச் சுற்றி ஆட்கள் இருந்து குடிக்கிற சாப்பாடு. எனக்குக் கொஞ்சச் சோறு, ஒரு கறி போதும். மேசைக்கு விரிப்பு விரித்து, தண்ணீர்க் கிளாசை வலப்பக்கம் வைத்து, நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். தனியாக இருக்கிறேன் என்பதற்காகச் சட்டியோடு வைத்துச் சாப்பிடுகிற பழக்கம் எனக்கு வரவில்லை.

சனிக்கிழமை காலை சுகியும் குமரனும் கொழும்பு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். திங்கட்கிழமை பௌர்ணமி, போயா லீவு. மருமகனையும் மருமகளையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டி வரவில்லை.

"ஏன், அங்கை ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்டேன்.

"ஒரு பிரச்சினையும் இல்லை அம்மா. நானும் தம்பியும் உங்களோடை சும்மா இருந்திட்டுப் போக வந்தம்" என்றாள் சுகி.

"இந்த லீவிலை நாங்கள் ஒருத்தற்றை அப்பாவும் இல்லை, ஒருத்தற்றை அம்மாவும் இல்லை. உங்கடை பிள்ளையள் மட்டும்தான்" என்றான் குமரன். இப்படிப் பேச அவன் உங்களிடம்தான் பழகினான்.

சும்மா வந்தோம் என்று பிள்ளைகள் சொன்னால் நான் நம்புவதில்லை. வீட்டை விற்கச் சொல்லப் போகிறார்கள், இல்லாவிட்டால் கொழும்புக்கு வந்து ஒரு அறைக்குள் இருக்கச் சொல்லப் போகிறார்கள் என்று நினைத்தேன். என்ன பதில் சொல்வது என்பதையும் ஆயத்தமாக வைத்துக்கொண்டேன்.

அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. குமரன் சந்திக்குப் போய் பாலப்பம் சுடச்சுட வாங்கி வந்தான். சுகி எனக்குத் தலைக்கு எண்ணெய் வைத்து, சீயாக்காய் தேய்த்து, முழுகவார்த்தாள். பிறகு என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்து நகம் வெட்டினாள். குனிந்து நகம் வெட்ட என்னால் இப்போது முடிவதில்லை. அதை நான் ஒருவருக்கும் சொல்லவுமில்லை. அவள் பார்த்திருக்கிறாள்.

அந்தப் பாலப்பத்தைப் பற்றி உங்களுக்கு மட்டும் சொல்லலாம். ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் தேங்காய்ப்பால் கட்டியாக நின்றது. எனக்கு இன்னுமொன்று வேண்டும் போல இருந்தது. கேட்கவில்லை. நான் தங்கிப் படித்த கொன்வென்ற் போடிங்கில் மேசைக்கு ஒரு சட்டம் இருந்தது, உங்களுக்கு நினைவிருக்கும். ஒருத்தியும் தனக்கு வேண்டியதைக் கேட்கக் கூடாது. "பக்கத்தில் இருப்பவளுக்கு என்ன வேண்டும் என்று பார். உனக்கு வேண்டியதை அவள் பார்ப்பாள்" என்று சிஸ்டர் சொல்லுவா. உப்பு வேண்டுமென்றால், பக்கத்துப் பிள்ளையிடம் "உமக்கு உப்பு வேணுமோ?" என்று கேட்க வேண்டும். அவளுக்கு மூளை இருந்தால் உப்பு உன்னிடம் வந்து சேரும். கலியாணம் செய்த புதிதில் நான் இதை விளங்கப்படுத்தியபோது நீங்கள் வயிறு நோகச் சிரித்தீர்கள். "அப்ப மூளை இல்லாதவளுக்குப் பக்கத்திலை இருந்தா பட்டினியோ?" என்று கேட்டீர்கள். ஆனால் அதற்குப் பிறகு, நான் ஒருநாளும் ஒன்றையும் கேட்க வேண்டி வரவில்லை. நான் நினைக்க முதலே இரண்டாவது அப்பம் என் தட்டில் இருக்கும்.

சனிக்கிழமை பிள்ளைகள் கதைத்துச் சிரித்தபடி அப்பத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பிழை அவர்களில் இல்லை. அவர்களுக்கு அந்தச் சட்டம் தெரியாது.

சுகி ஒரு பை நிறையப் புத்தகம் கொண்டுவந்திருந்தாள். எல்லாம் பெரிய எழுத்து. தேடித்தான் வாங்கியிருக்க வேண்டும். பின்னேரம் முழுவதும் சாய்மனைக் கதிரையில் கிடந்து வாசித்தேன். சுகி கட்டிலில் தன் புத்தகத்தோடு கிடந்தாள். குமரன் விசிறிக்குக் கீழே பாயைப் போட்டு, முகத்தில் பேப்பரை மூடிக்கொண்டு நித்திரை. வெளியே வெயில். வீட்டுக்குள் மூன்று பேர் மூச்சு விடுகிற சத்தம். எவ்வளவு காலத்துக்குப் பிறகு அது!

நான் வாசித்தது மூன்று சகோதரிகளின் கதை. வீட்டில் ஒரேயொரு தையல் மெசின். நடுவிலாள் கலியாணம் செய்து போகும்போது அதை ஒருவருக்கும் சொல்லாமல் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறாள். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்து, தலையை நிமிர்த்தி வாயைத் திறந்துவிட்டேன். சொல்ல ஆள் இல்லை. நீங்கள் என்றால், "இப்ப கதை எங்கை நிக்குது, சொல்லும் பாப்பம்" என்று கேட்டிருப்பீர்கள். ஒரு புத்தகத்தையும் முழுதாக வாசிக்காமல், நான் வாசித்த அத்தனையையும் கேட்டு வைத்திருந்தீர்கள். அதுவும் எப்போதும் பிழை செய்தவர் பக்கம் நின்று. "பாவமப்பா அவள். அவளும் தைக்கத்தானே வேணும்?" என்று அந்த நடுவிலாளுக்காக என்னோடு இரவுச் சாப்பாடு வரை வாதாடியிருப்பீர்கள். நான் வாயை மூடிக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். பிள்ளைகள் இரண்டும் பக்கத்தில் இருக்கும்போது தனிமை இல்லாமல் போய்விடும் என்று நினைத்திருந்தேன். அது வேறு கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை கூழ் காய்ச்சுவதென்று முடிவு செய்தார்கள். விடிய வெள்ளன சந்தைக்குப் போய் நண்டு, இறால், மீன் தலை, பயற்றங்காய், பலாக்கொட்டை என்று சுமந்து வந்தார்கள்.

"அம்மா, நீங்கள் இண்டைக்குக் குசினிப் பக்கம் வரக் கூடாது. புத்தகத்தோடை இருங்கோ" என்றாள் சுகி.

"வந்தா?"

"வந்தா கூழ் பயந்து திரைஞ்சிடும்" என்றான் குமரன்.

இருந்தேன். கண் புத்தகத்தில், காது குசினியில். மாவைச் சட்டியில் கொட்டும் சத்தம் கேட்டது. தண்ணீர் விட்டுக் கரைக்கிற சத்தமும் கேட்டது. ஒடியல் மாவை அப்படியே ஊறவிட்டு, மேலே தெளிந்து வருகிற தண்ணீரை வடித்து ஊற்ற வேண்டும். அந்தத் தண்ணீரோடுதான் கைப்புப் போகும். நான் காத்திருந்தேன். வடிக்கிற சத்தம் வரவில்லை. கரைத்த கையோடு மாவைக் கொதிக்கிற பானைக்குள் ஊற்றத் தொடங்கிவிட்டாள்.

அப்போதும் ஒரு குரல் கொடுத்திருக்கலாம். மிச்ச மாவாவது தப்பியிருக்கும். ஆனால் உள்ளே இரண்டு பேரும் பயற்றங்காயை எந்த அளவில் வெட்டுவது என்று சண்டை பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் எழும்பிப் போனால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு இருந்தேன்.

பலா இலை கோலிக் குடித்தார்கள். எனக்கு வழக்கம் போலச் சூப் கோப்பையும் கரண்டியும். முதல் வாயிலேயே குமரனின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"அக்கா, இது கூழோ கசாயமோ?"

"வாயைப் பொத்தடா. வீடியோவிலை காட்டின மாதிரித்தான் செய்தனான்" என்று சொல்லித் தானும் ஒரு வாய் குடித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூட ரிப்போட்டை நீட்டிவிட்டுப் பார்க்கிற அதே பார்வை. ஐம்பது வயது தாண்டியும் அது மாறவில்லை.

"மாவை ஊறவிட்டு வடிச்சிருக்க வேணும், பிள்ளை" என்றேன். உள்ளதைத்தானே சொல்லலாம்.

அவள் இலையைக் கீழே வைத்தாள். கோபிக்கவில்லை, மெல்லச் சிரித்தாள்.

"அப்பா இருந்திருந்தா இப்ப என்ன செய்திருப்பார், சொல்லட்டோ? கொஞ்ச நேரத்தாலை குசினிக்கை வந்து, 'அம்மாவுக்கு நல்லாப் பிடிச்சுக்கொண்டுது, உனக்கு நேரை சொல்லமாட்டா' எண்டு காதுக்குள்ளை சொல்லியிருப்பார்."

"நான் அப்பிடிச் சொன்னதில்லையே."

"தெரியும் அம்மா. எங்களுக்கு எப்பவோ தெரியும்."

குமரன் பானையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "கொழும்புக்கும் அவர்தானே ஃபோன் பண்ணுவார். 'அம்மாவுக்கு உங்களைத் தேடுதாம், பாக்க வேணும் போல கிடக்காம், ஒருக்கா வந்திட்டுப் போங்கோ' எண்டு. அப்பா போன பிறகு ஒருத்தரும் அப்பிடிச் சொல்லேல்லை."

"அப்ப அம்மாவுக்கு எங்களைத் தேடேல்லையாக்கும் எண்டு நாங்களும் இருந்திட்டம்" என்றாள் சுகி. "இப்ப எங்களுக்குத் தேடிச்சுது. அதுதான் வந்தம்."

நீங்கள் இதை எனக்குச் சொன்னதே இல்லை. பிள்ளைகள் லீவுக்கு வந்து இறங்கும்போதெல்லாம், தாங்களாக நினைத்து வருகிறார்கள் என்றுதான் நான் பெருமையோடு இருந்தேன். கேட்காமலே வருகிற பிள்ளைகள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லியும் இருக்கிறேன். எனக்குப் பக்கத்தில் இருந்து எனக்கு வேண்டியதைப் பார்த்தவர் நீங்கள். அப்பத்தோடு நிற்காமல், இதையும் பார்த்திருக்கிறீர்கள்.

அந்தக் கூழை நான் கோப்பை காலியாகும்வரை குடித்தேன். கைத்தது. மிச்சத்தைக் குமரன் கிணற்றடி வாழைக்கு ஊற்றினான். அப்போதாவது நான் அவர்களுக்கு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். இரவு மூவரும் பாணும் சம்பலும் சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை காலை சுன்னாகம் ஸ்ரேஷனுக்கு அவர்களோடு ஓட்டோவில் போனேன். நான் பொதுவாக ஸ்ரேஷனுக்குப் போவதில்லை, அது உங்கள் வேலை. ரயில் வந்து நின்றது. சுகி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் கூடுதலாகவே நின்றாள். எதையோ எதிர்பார்க்கிறாள் என்று விளங்கியது. எது என்பதும் விளங்கியது.

"யன்னல் பக்கம் இருக்காதை, புழுதி. சேர்ந்த உடனை அறிவியுங்கோ" என்றேன்.

"ஓம் அம்மா" என்றாள். ஏறினாள். ரயில் போனது.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன். கூழ் வாசம். சாய்மனைக் கதிரையில் கவிழ்த்து வைத்த புத்தகம். பாயைச் சுருட்டாமல் போயிருந்தான் குமரன். அதைச் சுருட்டி வைக்கக் குனிந்தவள் அப்படியே அதில் இருந்துவிட்டேன். நிலத்தில் உட்கார்ந்து பல காலம். எழும்ப முடியுமோ என்றுகூட யோசிக்கவில்லை.

ஃபோன் சேலை மடிப்பில் இருந்தது. நானாக ஒருவருக்கும் எடுப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். எண்ணை அழுத்துவது நீங்கள், கதைப்பது நீங்கள், கடைசியில் "அம்மாவோடை கதை" என்று என் கையில் தருவதும் நீங்கள். நான் "சுகமோ, சாப்பிட்டியோ" என்று கேட்டுவிட்டுத் திருப்பித் தருவேன். கண்ணாடியைப் போட்டு, சுகியின் பெயரைத் தேடி அழுத்தினேன்.

முதல் மணியிலேயே எடுத்தாள். "என்னம்மா? என்ன நடந்தது? விழுந்திட்டியளோ?"

"ஒண்டும் நடக்கேல்லை."

"பிறகென்ன? எதையாவது விட்டிட்டு வந்திட்டமோ?"

"இல்லை."

ரயில் தடதடவென்று ஓடுகிற சத்தம் கேட்டது. ஆரோ கச்சான் கடலை விற்கிற சத்தம். அவள் பொறுத்துக்கொண்டு இருந்தாள். பக்கத்தில் இருப்பவர் உப்பை நகர்த்திவிடுவார் என்று காத்திருந்து வளர்ந்த எனக்கு, கையை நீட்டுவது எவ்வளவு பெரிய காரியம் என்று அவளுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

"பிள்ளை, எனக்கு உங்களைத் தேடுது" என்றேன்.

அழுதாளோ தெரியாது. குமரனின் குரல் தூரத்தில் கேட்டது.

"ஆரக்கா?"

"அம்மா."

"என்னவாம்?"

"எங்களைத் தேடுதாம் அவவுக்கு."

நான் சொன்னதை, சொன்னபடியே சொன்னாள். ஒரு சொல் கூட்டவில்லை.

அதோடு லைன் அறுந்துவிட்டது. ரயில் ஆனையிறவுப் பக்கம் போயிருக்க வேண்டும். அந்த வெளியில் ஃபோன் எடுபடாது என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். திரும்ப எடுப்பார்கள் என்று பாயிலேயே இருந்தேன். வன்னி முழுக்கத் தாண்டும்வரை எடுக்கவில்லை. பின்னேரம்தான் எடுத்தார்கள். சேர்ந்துவிட்டோம் என்றார்கள். வாற லீவுக்கு எல்லோருமாக வருகிறோம் என்றும் சொன்னார்கள். நான் "ஓம்" என்றேன். பிறகு ஃபோனை வைத்துவிட்டோம்.

'தேடுது' என்பதற்குப் பிறகு என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் ஃபோனில் அவர்களோடு அவ்வளவு நேரம் கதைப்பீர்கள். அப்போதெல்லாம் நான் பக்கத்து அறையில் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தேன். ஒருநாளாவது காது கொடுத்துக் கேட்டிருக்கலாம். தொடக்கம் மட்டும்தான் என்னிடம் இருக்கிறது. மிச்சத்தை நானாகத்தான் கதைத்துப் பார்க்க வேண்டும்.