வாசலில் உட்கார்ந்து படித்தது

ஜூன் 9, திங்கள்

மாலை வகுப்புக்குப் புது டீச்சர் வந்திருக்கிறாள். இதுதான் முதல் வேலையாம். கழுத்தில் விசில் வேறு. நாங்களோ பேரன் பேத்தி எடுத்தவர்கள், எட்டாம் வகுப்புப் பரீட்சை எழுதச் சேர்ந்தவர்கள். பக்கத்தில் இருந்த தையல்காரம்மா ஏதோ கேட்டாள், நான் பதில் சொன்னேன். உடனே டீச்சர் விசிலை ஊதினாள்.

"விசிலடிச்சா கிளம்புறதுக்கு நாங்க என்ன பஸ்ஸா, கண்ணு?" என்றேன்.

வகுப்பே சிரித்தது. அவள் முகம் சுருங்கிப்போச்சு. வெளியே போய் நில்லுங்கள் என்றாள்.

நின்றேன்.

ஜூன் 10

சின்ன வயசில், மூன்றாம் வகுப்பில் ஒரு டீச்சர் இப்படித்தான் வெளியே நிறுத்தினாள். வாயாடினேனாம். அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன். சரி விடு, தம்பியைப் பார்த்துக்கொள் என்றார் அப்பா. அதோடு படிப்புக்கு முழுக்கு. அவளுடைய நீலப் புடவை, கன்னத்து மச்சம், எதுவும் மறக்கலை. செத்தாலும் மறக்காது.

மன்னிப்புக் கேட்டால்தான் உள்ளே விடுவாளாம் இந்த விசில். எதுக்குக் கேட்கணும்? நான் என்ன திருடினேனா?

"இந்த வயசுல எதுக்கு அத்தை வம்பு? விட்டுடுங்க" என்கிறாள் மருமகள். விடுறதுக்கா சேர்ந்தேன்? எழுத்து வாசனை இல்லாதவள் என்று சபையில் சொன்னாரே கொழுந்தனார், அவர் மூஞ்சிக்கு நேராகச் சர்டிபிகேட்டை நீட்டணும். அன்றைக்கு வீட்டுக்குப் போனேன், போச்சு. இந்தத் தடவை போறதா இல்லை.

ஜூன் 11

வாட்ச்மேனிடம் நாற்காலி வாங்கி, வகுப்பு வாசலிலேயே போட்டு உட்கார்ந்தேன். அவள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். எனக்கு மட்டும் அது வராதா?

ஜூன் 12

பின்னக் கணக்கு. கீழே இருக்கிற எண் வேறு வேறாக இருந்தால் எப்படிக் கூட்டுவது என்று மடமடவென்று எழுதிவிட்டு, புரிந்ததா என்றாள். விசிலுக்குப் பயந்து எல்லாரும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார்கள். ஒருத்திக்கும் ஒரு மண்ணும் புரியலை, முகத்திலேயே தெரியுது.

"எனக்குப் புரியலை. இன்னொரு தரம் சொல்லுங்க" என்றேன், வாசலிலிருந்து.

என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். வேறு யாருக்குப் புரியவில்லை என்று மெதுவாகக் கேட்டாள். தையல்காரம்மா கை தூக்கினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. கடைசியில் தூக்காத கையே இல்லை.

விசிலைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். போர்டு ஸ்டாண்டை இழுத்து, எனக்கும் தெரிகிற மாதிரி வாசல் பக்கம் திருப்பினாள். முதலிலிருந்து சொன்னாள் — நிதானமாக. உள்ளே மட்டும் கூப்பிடவில்லை. அழுத்தக்காரி. எனக்குக் குறைந்தவள் இல்லை.

ஜூன் 13

வகுப்புக்கு முன்னாடி வாசலுக்கு வந்தாள்.

"உள்ள வாங்கம்மா."

"மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன்."

"யார் கேட்கச் சொன்னா? மழை வர்ற மாதிரி இருக்கு, வாங்க."

அண்ணாந்து பார்த்தேன். பொட்டு மேகம் இல்லை.

"ஆமா, பெரிய மழைதான்" என்று நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

கோபம் போச்சா? போகலை. அது பாட்டுக்கு ஒரு மூலையில் இருக்கட்டும்.

ஜூன் 23

இன்று தசமம். புள்ளியை எங்கே வைப்பது என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். திரும்பத் திரும்பச் சொன்னாள்.

நாளைக்கும் கேட்பேன்.