கேள்விக்குக் கைதட்டிய கூட்டம்

கல்குடா,
15.06.2025.

அன்புள்ள தம்பி சுதாகரனுக்கு,

அக்கா கேதீஸ்வரி எழுதிக்கொள்வது. நீ சுகமாக இருக்கிறாய் என்பதைப் போன ஞாயிறு பத்திரிகையில் உன் படத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். இங்கே நாங்கள் சுகமில்லை. போனில் சொன்னால் “அக்கா, ஒரு நிமிசம்” என்று இடையில் புகுந்துவிடுவாய். கடிதத்தில் அது முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். முழுவதையும் வாசி.

முதலில் என் மகளின், உன் மருமகளின் செய்தி. மறந்திருப்பாய், திரும்பவும் சொல்கிறேன். தனுஷாவை ஹோட்டல் வேலையிலிருந்து நிற்பாட்டிவிட்டார்கள். உன் சுற்றுலா அலுவலகத்தின் கூட்டம் அந்த ஹோட்டலில் நடந்தது சனிக்கிழமை. திங்கட்கிழமை காலையில் சீருடை உடுத்துப் போனவள் ஒன்பது மணிக்கே திரும்பி வந்தாள். விருந்தினர் வரவு குறைவாம், வரவேற்பு மேசைக்கு இத்தனை பேர் தேவையில்லையாம். சித்திரை மாதத்தில், பாசிக்குடாவில் ஓர் அறை கிடைக்காமல் சனம் அலைகிற நேரத்தில் இந்தக் கதை! சிங்களமும் கொஞ்சம் ஜெர்மனும் தானாகவே படித்து எடுத்த வேலை அது. அன்றைக்கே உனக்குச் சொன்னேன். விசாரிக்கிறேன் என்றாய். ஏழு கிழமை ஆகிறது.

விசாரிக்க உனக்கு நேரமில்லை, கட்டுரை எழுத நேரம் இருந்திருக்கிறது. ‘மீனவக் குடும்பத்துப் பெண்ணான என் அக்கா, வெளிநாட்டவர் நிறைந்த மண்டபத்தில் அச்சமின்றி எழுந்து கேள்வி கேட்டார். இதுதான் இலங்கையின் புதிய முகம்’ என்று எழுதியிருக்கிறாய். அச்சமின்றியா? முன் கதிரையைப் பிடித்துக்கொண்டுதான் எழும்பினேன் என்பது பக்கத்தில் இருந்தவளுக்குத் தெரியும். நீ மேடையில் இருந்தாய், உனக்கு எங்கே தெரியப்போகிறது.

என்னை அங்கே கூப்பிட்டது யார்? நீதான் வீடு தேடி வந்தாய். “இது திறந்த உரையாடல் அக்கா. ஆரும் எதையும் கேக்கலாம்” என்றாய். நம் நாட்டை உலகம் எப்படிப் பார்க்கிறது, இனி எப்படிப் பார்க்க வேண்டும் என்று எல்லாச் சாதி சனமும் சேர்ந்து பேசப்போகிறோம் என்றாய். உன்னை நம்பி நல்ல சேலை உடுத்து வந்தேன்.

நான் கண்ட கூட்டம் நம் கோயில் பொதுக்கூட்டம் ஒன்றுதான். அங்கே ஒருத்தி எழும்பி ஒன்று கேட்டால், பதில் சொல்லாமல், கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர் அடுத்த விஷயத்துக்குப் போக முடியாது. போனால் கேட்டவள் உட்காரமாட்டாள். போன வருடம் சீதேவிப்பிள்ளை மாமி அன்னதானத்து அரிசி எங்கே போனது என்று கேட்டுவிட்டு முக்கால் மணித்தியாலம் நின்றார். கடைசியில் வண்ணக்கர் வாயைத் திறக்கத்தான் வேண்டியிருந்தது. உன் கூட்டத்தையும் நான் அப்படி நினைத்துவிட்டேன். அது என் பிழை, ஒத்துக்கொள்கிறேன்.

என்ன பெரிய கேள்வி கேட்டேன்? கடற்கரைக்குப் போகிற எங்கள் பாதையை அதே ஹோட்டல்காரர் கேற் போட்டு அடைத்துவிட்டார்கள். கரைவலையை லேண்ட்மாஸ்டர் உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு உன் அத்தானும் மற்றவர்களும் இரண்டு மைல் சுற்றிப் போகிறார்கள். அந்தப் பாதையை எப்போது திறப்பீர்கள் என்று கேட்டேன். அவ்வளவுதான். காதில் கருவி மாட்டியிருந்தவர்கள் மொழிபெயர்ப்பைக் கேட்டு முடித்துவிட்டுக் கைதட்டினார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண் கண்ணைத் துடைத்தார். மிக ஆழமான பகிர்வு, நன்றி என்று நீ மைக்கில் சொன்னாய். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத மாதிரி, கேற் போட்ட முகாமையாளரும் முன்வரிசையில் இருந்து தட்டினார். கேள்விக்குக் கைதட்டுகிற சனத்தை அன்றைக்குத்தான் நான் கண்டேன்.

பதில் வரும் என்று நின்றுகொண்டே இருந்தேன். அடுத்தவர் ஏதோ விளம்பரம், வருமானம் என்று பேசத் தொடங்கிவிட்டார். பக்கத்தில் இருந்த நபீஸாதான் சேலையைப் பிடித்து இழுத்தாள். “இரிங்க அக்கா. இவங்க இதுக்குப் பதில் தரமாட்டாங்க” என்றாள். இருந்தேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அந்த நபீஸா, முஸ்லிம் ஊரான ஓட்டமாவடியில் இடியப்பக் கடை வைத்திருப்பவள். அன்று காலையில்தான் அவளை முதன்முதலாகக் கண்டேன். உங்கள் படக்காரர் கையைக் கோத்துச் சிரிக்கச் சொன்னார், சிரித்தோம். அந்தப் படத்தின் கீழே ‘முப்பதாண்டு நட்பு’ என்று போட்டிருக்கிறீர்கள். அதைப் பார்த்துவிட்டு அவள் எனக்குப் போன் எடுத்தாள். “நமக்கு முப்பது வரிசத்துச் சிநேகமாம் அக்கா. உங்கட ஊடு எங்க இரிக்கி எண்டாவது சொல்லுங்களன்” என்றாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்த முப்பது வருடத்தில் அவளுடைய ஊருக்கும் நம் ஊருக்கும் இடையில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாதா? அவளும் ஆட்களைப் பறிகொடுத்தவள், நானும் பறிகொடுத்தவள். அதை விழுங்கிக்கொண்டுதான் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். கேட்டிருந்தால் அதையே சொல்லியிருப்போம். அது உங்கள் படத்துக்கு அழகில்லை போலும்.

வீடியோவையும் பார்த்தேன். நான் கேட்டதை வெட்டிவிட்டார்கள், கைதட்டலை வைத்திருக்கிறார்கள். உனக்கு வெட்கமாக இல்லையா? உன் அத்தான், “அவன ஏசாத, அவனும் சம்பளத்துக்கு நிக்கிறவன்தானே” என்கிறார். சம்பளத்துக்கு நிற்கிறவன் சொந்த அக்காவைக் கொண்டுபோய்க் காட்சிக்கு வைப்பானா?

அடுத்த மாதம் கொழும்பில் இரண்டாவது உரையாடலாம். ரயில் சீட்டும் தங்க அறையும் தருவதாக உன் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. வரமாட்டேன். என் பெயரையும் படத்தையும் இனி எங்கும் போடவேண்டாம்.

இனி எழுதுவதுதான் முக்கியம். தனுஷா என்னோடு சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். இந்தக் கரையில் இருக்கிற ஹோட்டல்கள் எல்லாவற்றுக்கும் ஏறி இறங்கினாள். பெயரைக் கேட்டதும் பிறகு சொல்கிறோம் என்கிறார்களாம். போன புதன்கிழமை வாழைச்சேனையில் ஒரு ஏஜென்சிக்காரரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறாள். குவைத்துக்கு. வரவேற்பு மேசைக்கு இல்லை தம்பி, வீட்டு வேலைக்கு. இருபத்தெட்டாம் திகதி பயணம். போகாதே என்று அழுதேன். “நீங்க கேட்டதில பிழையில்ல அம்மா. ஆனா எனக்கு இனி இஞ்ச ஒருத்தரும் வேல தரமாட்டாங்க” என்று சொல்லிவிட்டு உடுப்பு மடிக்கப் போய்விட்டாள். அப்படிப் போனவர்களில் எத்தனை பேர் எந்தக் கோலத்தில் திரும்பி வந்தார்கள் என்று உனக்கு நான் எழுதத் தேவையில்லை.

அவள் என் சொல்லும் கேட்கவில்லை, தகப்பன் சொல்லும் கேட்கவில்லை. சின்ன வயதிலிருந்தே மாமன் சொன்னால்தான் அவளுக்குக் காது கேட்கும். உன்னை ஏசுவதற்குத்தான் பேனாவை எடுத்தேன். உன்னிடமே கையேந்தவும் வேண்டியிருக்கிறது. எனக்கு உன்மேல் இருக்கிற கோபம் கிடக்கட்டும், அது எங்கேயும் போய்விடாது.

இந்தக் கடிதம் கிடைத்தவுடன் அவளுக்குப் போன் எடு. போகவேண்டாம் என்று சொல். போகாமல் இங்கே இருந்து என்ன செய்ய என்று கேட்பாள். அதற்கு ஒரு பதிலை வைத்துக்கொண்டு எடு, தம்பி.

பிள்ளையார் உன்னைக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அக்கா,
கேதீஸ்வரி.