மகள் வரைந்த அட்டவணையால் வந்த மின்துண்டிப்பு அறிவிப்பு

அனுப்புநர்:
ச. குமாரவேல்,
கைத்தறி நெசவாளர்,
கீழ்ப்பாவடித் தெரு, ஐயம்பேட்டை,
காஞ்சிபுரம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மின் செயற்பொறியாளர் அவர்கள்,
காஞ்சிபுரம்.

பொருள்: வரும் வெள்ளிக்கிழமை (28.11.2025) எங்கள் வீட்டு மின் இணைப்பைத் துண்டிக்கும் உத்தரவை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகள் இளவரசி பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஐரோப்பிய நாடுகளில் வீடுகளுக்கு எவ்வளவு மின்சாரமும் எரிபொருளும் செலவாகின்றன என்று ஒப்பிட்டு, பள்ளிக் கண்காட்சிக்கு ஓர் அட்டவணை வரைந்தாள். பின்லாந்து மேலே, மால்டா கீழே. அதன் அடியில், எங்கள் தெருவின் பன்னிரண்டு மீட்டர்களையும் ஒரு வாரம் பார்த்து எழுதினாள். மற்ற வீடுகள் முப்பது யூனிட்டைத் தாண்டவில்லை. எங்கள் வீடு அறுபத்தெட்டு. அதற்கு அவளே சிவப்பு மையால் கட்டம் போட்டாள்.

2. கண்காட்சிக்கு வந்த மின்வாரிய அலுவலர் ஒருவர் அந்த அட்டவணையைக் கேட்டு வாங்கிச் சென்றார். பாராட்டத்தான் என்று நாங்கள் பூரித்துப்போனோம். 24ஆம் தேதி அதே தாளைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி மூவர் வீட்டுக்கு வந்தனர். வாசலில் நின்றபடியே தறியருகில் இருந்த மோட்டாரைப் பார்த்து, திருட்டுத்தனமாக விசைத்தறி ஓடுகிறது என்று எழுதினர். மறுநாள் கதவில் துண்டிப்பு அறிவிப்பை ஒட்டிவிட்டனர்.

3. ஐயா, அது தண்ணீர் இறைக்கும் மோட்டார். எங்கள் வீடு தெருக்கடைசியில், பள்ளத்தில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் நான் கால் வைத்து மிதிக்கும் தறிக்குழியில் ஊற்றெடுக்கும். இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தறியில் நீளவாட்டில் கட்டிய பட்டு நூலில், அந்தப் பாவில், ஈரம் ஏறாமலிருக்க இரண்டு பெரிய பல்புகள் எரிய வேண்டும். வெள்ளியன்று மின்சாரம் நின்றால் சனிக்கிழமைக்குள் குழி நிரம்பி, பாதி நெய்த முகூர்த்தச் சேலை தறியிலேயே வீணாகும்.

4. பின்லாந்துக்கு எதிரே காரணம் 'கடுங்குளிர்' என்று எழுதியவள், எங்கள் வீட்டுக்கு எதிரே காரணம் எழுதும் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டாள். தெருவே அறிந்ததை எதற்கு எழுதுவது என்று நினைத்திருக்கிறாள். அதைத்தான் வந்தவர்கள் 'திருட்டு' என்று மனத்துக்குள் நிரப்பிக்கொண்டார்கள்.

5. அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. "நம்ம வூட்டு நம்பரை நானே கொறச்சி எழுதியிருந்தா இப்படி ஆயிருக்காதில்லபா" என்கிறாள். அவள்மீது எனக்குக் கோபம் இல்லை. உண்மையை எழுதிய பிள்ளை, பொய் எழுதியிருக்கலாமே என்று வருந்தும்படி ஆயிற்றே என்றுதான் வயிறு எரிகிறது.

ஆகவே, வெள்ளிக்கிழமைக்கு முன் தாங்களே நேரில் வந்து, தறிக்குழியில் ஒருமுறை இறங்கிப் பார்க்க வேண்டுகிறேன். மோட்டாரைக் கால் மணி நேரம் நிறுத்திக் காட்டுகிறேன். தண்ணீர் ஏறுவது தங்கள் காலுக்கே தெரியும். பார்த்தபின் உத்தரவை ரத்து செய்யுங்கள்.

அந்த அட்டவணையையும் திருப்பித் தாருங்கள். திங்களன்று மாவட்டக் கண்காட்சிக்கு அவள் அதைக் கொண்டுபோக வேண்டும். தருமுன், காலியாக இருக்கும் அந்தக் கட்டத்தில் காரணத்தைத் தங்கள் கையாலேயே எழுதிக் கொடுங்கள். அவள் செய்தது தப்பில்லை என்று நான் சொன்னால் நம்ப மறுக்கிறாள்.

இடம்: ஐயம்பேட்டை
நாள்: 26.11.2025

தங்கள் வருகையை எதிர்நோக்கும்,
ச. குமாரவேல்