மூன்று ஆமைக் குஞ்சுகளும் ஒரு கனடாப் பயணமும்

அண்ணை,

லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் நீங்கள் வேலை செய்த கடையில் இன்று வல்லாரைக் கட்டொன்றை எடுத்தேன். அந்தப் பச்சை மணம் மூக்கில் ஏறியதும் கோபம் வந்தது. அழுகை வரும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஆறு மாதமாக எனக்குக் கோபம் மட்டும்தான் வருகிறது.

சார்செலில் உங்கள் வீட்டுப் பல்கனி மண்பெட்டியில் நீங்கள் வளர்த்த ஆமை ஐந்து முட்டை இட்டபோது என்னைக் கூப்பிட்டீர்கள். நான் பிரிட்ஜ் திருத்துகிறவன். கழித்துவிட்ட சின்னப் பிரிட்ஜ் ஒன்றுக்குள் மின்குமிழும் தெர்மோஸ்டாட்டும் பூட்டி, சூட்டை முப்பத்தொரு பாகையில் நிறுத்திக் கொடுத்தேன். ஒரு கிழமை கழித்து வந்து பார்த்தால், ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் புள்ளி வைத்துக் காலை மாலை புரட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

“இதென்ன கோழி முட்டையோ அண்ணை? ஆமை முட்டையைப் பிரட்டினா உள்ளுக்கு இருக்கிறது செத்துப்போம்.”

“அடைவைச்ச முட்டையை எங்கட அம்மா பிரட்டினவா. நீ பிரிட்ஜைப் பாரடா, முட்டையை நான் பாக்கிறன்.”

ஐந்தில் மூன்றுதான் பொரித்தன. ஒவ்வொன்றும் பெரிய பாக்களவு. கடைசிக் குஞ்சுக்கு மஞ்சட்கருப் பை வயிற்றுக்கு வெளியே இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அது உள்ளே இழுபடும்வரை தொடக்கூடாது என்றேன். உள்ளங்கையில் எடுத்து வைத்துச் ‘சின்னன்’ என்று பெயரும் வைத்துவிட்டீர்கள்.

அடுத்த கிழமை குஞ்சுகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டு என் அறைக்கு வந்தீர்கள். “தங்கச்சியின்ர மகளுக்குக் கனடாவில கலியாணம். ஒரு மாசத்தில வந்திடுவன். காலமை இளஞ்சூட்டுத் தண்ணியில பத்து நிமிசம் விடு. வல்லாரையைக் குறுணியா நறுக்கிப் போடு. சின்னனைக் கவனி.”

“மெலிஞ்சுபோனியள்” என்றேன்.

“பழைய கோட்டு அளவா வரவேண்டாமோ?” என்று சிரித்தீர்கள்.

அளவுகளை நம்பிப் பிழைக்கிறவன் நான். கனடாவில் விடிந்தே இருக்காத நேரங்களில் நீங்கள் எனக்கு ரெலிபோன் கோல் எடுத்தீர்கள். ஒருநாள்கூட நேரத்தைக் கணக்குப் பார்க்கவில்லை. “அங்கை கூத்தடியுங்கோ. நான் இஞ்சை உங்கட ஆமையளுக்குக் குளிக்க வாக்கிறன்” என்று ஏசினேன். சிரித்தீர்கள். சிரிப்போடு வந்த இருமலை அப்போதும் நான் கவனிக்கவில்லை.

சின்னன் இலையைத் தொடவேயில்லை. கண்ணும் திறக்கவில்லை. மூன்றாம் கிழமை ஒரு காலையில் எடுத்துப் பார்த்தபோது கால்கள் விறைத்திருந்தன. அன்று மத்தியானம் நீங்கள் கோல் எடுத்தீர்கள்.

“சின்னன் சாப்பிட்டுதோடா?”

குரல் அடங்கிப்போயிருந்தது. கலியாண வீட்டுக் களைப்பு என்று நினைத்தேன். எதையும் முகத்துக்கு நேரே சொல்கிற எனக்கு அன்று வாய் வரவில்லை. “ஓம் அண்ணை. நல்லாச் சாப்பிட்டுது.”

“அது காணும். அது போதுமடா” என்று சொல்லி வைத்துவிட்டீர்கள்.

மூன்றாம் நாள் கடை முதலாளி சொல்லித்தான் தெரியும். நீங்கள் கனடாவுக்குப் போகவேயில்லை. என் அறையிலிருந்து மூன்று மெற்றோ நிறுத்தம் தள்ளி ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறீர்கள். “சொல்ல வேண்டாம் எண்டவர், தம்பி. லா சப்பலில ஒராளுக்குத் தெரிஞ்சா, பின்னேரத்துக்குள்ள ஊரில தாய்க்குத் தெரிஞ்சிடும் எண்டவர்.”

சரி. அம்மாவுக்கு நோய்ச் செய்தி போகவில்லை. செத்த செய்திதான் போனது. அது எந்த வகையில் மேல் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. செத்தவீட்டில், “ஒருத்தருக்கும் கரைச்சல் குடுக்காமல் போன மனிசன்” என்று உங்களைப் புகழ்ந்தார்கள். எழும்பி வெளியே போய்விட்டேன். எனக்குக் கரைச்சல் தந்திருக்கலாம் அண்ணை. கஞ்சி கொண்டு வந்திருப்பேன். பக்கத்தில் இருந்து ஏசியாவது இருப்பேன்.

மற்ற இரண்டும் வளர்கின்றன. ஓடு கெட்டியாகிவிட்டது.

உங்கள் பொய் எல்லாருக்கும் தெரியும். என்னுடையதை இப்போதுதான் எழுதுகிறேன். சின்னன் அன்று காலையே செத்துவிட்டது. உங்கள்மேல் முழுதாகக் கோபப்படத்தான் ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். முடியவில்லை. நடுவில் நான் சொன்ன அந்த ‘ஓம்’ வந்து நிற்கிறது.