தாய்மாமன் மடி

போச்சம்பள்ளி
16.6.2025

அன்புத் தம்பி ஹரீஷுக்கு, அக்கா மாதேஸ்வரி எழுதுவது.

ஒரு வாரமாக உன் போன் அணைந்தே கிடக்கிறது. பெங்களூரு என்ன அமெரிக்காவிலா இருக்கிறது? கம்பெனியில் டீ நேரத்தில் எழுதுகிறேன். பாப்பா காதுகுத்தை உனக்காக இரண்டு முறை தள்ளிப்போட்டாகிவிட்டது. “தீசிஸ் குடுத்துட்டு வரேன்க்கா” என்று சொல்லிச் சொல்லியே அவளை ஒன்றாம் வகுப்புக்கு அனுப்பிவிட்டாய். இன்னும் மூளிக் காது.

ஆனி பதினைந்து, ஞாயிறு. மண்டபம் பேசியாகிவிட்டது. மத்தூர் கூட்டுரோட்டில் என் வீட்டுக்காரர் பிளெக்ஸும் கட்டிவிட்டார்: ‘தாய்மாமன் முனைவர் ஹரீஷ்குமார்’. மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியுமா? ஒழுங்காக வந்து சேர்.

அக்கா

பெங்களூரு
20.6.2025

அக்கா,

யாரைக் கேட்டு முனைவர் என்று போட்டீர்கள்? என்னோடு பள்ளியில் படித்த சந்தோஷ் அந்த பிளெக்ஸைப் படம் எடுத்து அனுப்பினான். அன்றைக்கு அணைத்ததுதான் போன். என் கடைசி அத்தியாயத்தை கைடு எட்டு மாதமாகப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. மகள் கல்யாணப் பத்திரிகை கொடுக்க மட்டும் என்னை அலையவிடுகிறார். லேபுக்குப் போகக் கால் வரவில்லை. தூக்கம் இல்லை. சோறு இறங்கவில்லை. ஊருக்கு வந்தால் ‘எப்போ முடியும்’ என்று ஆளாளுக்குக் கேட்பீர்கள்.

பெரியப்பா மகன் பிரகாஷ் மடியில் உட்காரவைத்துக் குத்துங்கள். நான் இல்லாவிட்டாலும் எல்லாம் நடக்கும். இருந்து என்ன செய்யப்போகிறேன் என்றே தெரியவில்லை.

ஹரீஷ்

போச்சம்பள்ளி
24.6.2025

டேய் தம்பி,

உன் கடைசி வரியைப் படித்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவ்வளவு கோபம், அவ்வளவு பயம். பிரகாஷ் மடி என்ன பஸ் சீட்டா, ஆள் மாற்றி உட்கார? பிளெக்ஸ் போட்டது எங்கள் புத்திகெட்ட வேலை. அவிழ்த்தாகிவிட்டது. மண்டபத்தையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். “வெச்ச தேதிய மாத்துனா நாலு பேரு என்னடி சொல்லுவாங்க?” என்று அம்மா கத்தினாள். “சொல்லட்டும்மா, எனக்கு என் தம்பி வேணும்” என்றேன். காது எங்கே போய்விடப்போகிறது?

இதை எதிர்வீட்டு அப்பாஸ் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். மாங்காய் லோடு இறக்கிவிட்டு நேராக உன் அறைக்கு வருவார். கிருஷ்ணகிரியில் மனநல டாக்டரிடம் டோக்கன் போட்டுவிட்டேன். நானும் லீவு சொல்லிவிட்டேன். படிப்பைத் தொடர்வதா விடுவதா என்று பிறகு நீயே முடிவு செய். இங்கே ஒருவரும் கேட்க மாட்டோம். பட்டம் வராவிட்டால் எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ இல்லாவிட்டால் நான் யாரைத் திட்டுவது?

நீ இதைப் படிக்கும்போது அண்ணன் வாசலில்தான் நிற்பார். “தம்பி ஏறாம வண்டிய எடுக்காதீங்கண்ணா” என்று சொல்லியிருக்கிறேன். அவரைக் காக்கவைக்காதே. சட்டையை மாட்டு.

அக்கா