மணி வைத்த பந்து

ஜூலை 8, செவ்வாய்
விடியற்காலையிலிருந்து மழை. ரயில் ஊர்ந்து, பாண்டுப்பிலிருந்து சயானில் இருக்கும் பள்ளிக்கு வர ஒன்றரை மணி நேரம். செருப்பு வார் அறுந்தது.

போன வார ஆசிரியர் பயிற்சியில் தந்த பந்தை ஹெச்.எம். என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். உள்ளே மணி. உருட்டினால் கிலுங்கும். “நீங்கதான போயிட்டு வந்தீங்க, நீங்களே ஆரம்பிங்க.” விளையாட்டு சார் மாற்றலாகி ஒரு வருடம். எனக்கு விசில் ஊதவே வராது.

ஆட்டத்தின் பெயர் கோல்பால். பக்கத்துக்கு மூன்று பேர், எல்லோருக்கும் கண்கட்டு. கோட்டைத் தாண்டாமல் தரையோடு உருட்ட வேண்டும். எதிர்ப்பக்கம் சத்தத்தை வைத்து விழுந்து தடுக்க வேண்டும்.

நாலாம் வகுப்பில் பெனிட்டா இருக்கிறாள். வெளிச்சம் மட்டும் தெரியும். விளையாட்டு நேரத்தில் சுவரோரம் உட்கார்ந்திருப்பாள், மடியில் எல்லோருடைய தண்ணீர் பாட்டிலும். முதல் வகுப்பில் அவளை அங்கே உட்கார வைத்தது நான்தான்.

ஜூலை 9, புதன்
வேண்டியவை: பழைய கறுப்பு துப்பட்டா, ஆறு துண்டு. சணல் கயிறு. அகல டேப் (கயிற்றின் மேல் ஒட்டினால் கோட்டை விரலால் தடவிப் பார்க்கலாம்). டெட்டால்.

பெனிட்டாவின் அம்மா அமலி, பை தைக்கிற பட்டறையில் வேலை. கேட் பக்கம் பிடித்துச் சொன்னேன்.

“பந்து மூஞ்சில பட்டா யாரு பதில் சொல்லுவா? நீங்களா?”

“நான்தான்” என்றேன். யோசிக்காமல். வீட்டுக்கு வந்தும் உட்கார முடியவில்லை. சமையலறை டப்பாக்களை எல்லாம் இறக்கித் துடைத்தேன். தோசை மாவு புளித்துவிட்டது.

ஜூலை 10, வியாழன்
தோல்வி. பக்கத்தில் தகர டப்பா நசுக்குகிற பட்டறை. டம் டம் டம். மணிச் சத்தம் எங்கே கேட்கிறது? மூன்று பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். ஒரு மண்டையில் வீக்கம். பெ. மட்டும் காதைச் சாய்த்து நின்றாள். அவளாலும் முடியவில்லை.

பட்டறைக்காரரிடம் போய்க் கேட்டேன். “ஒண்ணுல இருந்து ஒண்ணரை வரைக்கும் சாப்பாடு டீச்சர். அப்போ மெஷின் பந்த். அதுக்கு மேல நிறுத்தச் சொல்லாதீங்க.”

அரை மணி. போதும்.

ஜூலை 11, வெள்ளி
பகல் ஒரு மணி. பட்டறை அமைதி. பெ.க்குக் கட்டு எதற்கு என்று விட்டிருந்தேன். இசக்கி விடவில்லை. வகுப்பிலேயே பெரிய வாய். “அவளுக்கும் கட்டுங்க டீச்சர். ரூல்னா எல்லாருக்கும் ரூலு.” சரிதான். கட்டினேன்.

ஏழுக்கு ஒன்று. பெ. பக்கம் வெற்றி. அவள் மட்டும் ஐந்து.

இசக்கி கட்டை அவிழ்த்து எறிந்தாள். “சீட்டிங் டீச்சர்! இவளுக்கு டெய்லி பிராக்டிஸ்!”

பெ. விழுந்து விழுந்து சிரித்தாள். யாரும் இதுவரை அவளோடு சண்டைக்கு வந்ததில்லை.

கடைசியாக ஒரு பந்து என்றார்கள். நான் மறுத்திருக்க வேண்டும். பெ. பாய்ந்தாள், பந்து நேரே வாயில். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம்.

அமலி வந்தாள். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

ஜூலை 14, திங்கள்
பெ. வரவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஃபோன் போட்டேன். எடுக்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்
இன்றும் இல்லை. ஹெச்.எம்.: “கொஞ்ச நாள் நிறுத்தி வைங்க.” பந்தை பீரோவில் வைத்துப் பூட்டினேன். நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து மாலை வரை எரிச்சல். ரயிலில் ஒரு அம்மாள் இடம் கொடுத்தும் நின்றுகொண்டே வந்தேன்.

ஜூலை 16, புதன்
பள்ளி விட்டதும் பெ. வீட்டுக்குப் போனேன். இசக்கி ஒட்டிக்கொண்டாள், அவள் வீடு அடுத்த சந்து. இரும்பு ஏணி ஏறி மாடி அறை. அமலி பைக்கு உள்துணி வெட்டிக்கொண்டிருந்தாள். பெ. உதட்டில் கறுத்த பொருக்கு.

மன்னிப்புக் கேட்டேன்.

அமலி கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை. “ரோட்டுல ஒரு நாளு இவ கைய விட்டிருக்கேனா? நீங்க பந்த உருட்டி அது மேல பாயச் சொல்லுதீங்க.”

எழுந்துவிட்டேன்.

இசக்கி எழவில்லை. “ஆன்ட்டி, எப்ப அனுப்புவீங்க? ஏழு ஒண்ணுல நிக்கி. நாங்க தோத்துட்டு சும்மா இருக்கணுமா?”

“யாரு தோத்தா?”

“நாங்கதான். உங்க பிள்ளதான் தோக்கடிச்சா. அஞ்சு கோல்.”

அமலி மகள் பக்கம் திரும்பினாள். “நீயாட்டி? விழுந்துட்டேன்னுதான சொன்ன?”

“நீ வேற ஒண்ணும் கேக்கலியேம்மா.”

அமலி கத்தரிக்கோலைக் கீழே வைத்து அந்த உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். சரி என்று சொல்லவில்லை. “டீ குடிச்சிட்டுப் போங்க” என்றாள். குடித்தேன். நாக்கு வெந்தது.

ஜூலை 17, வியாழன்
காலை வருகைப் பதிவில் பெ. இல்லை. பந்தை எடுக்க மனமில்லை. பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு எழுதக் கொடுத்து ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தேன்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு கேட்டில் அமலி, கைப்பிடியில் பெ. பை பட்டறையின் சாப்பாட்டு நேரத்தில் வந்திருக்கிறாள். “நான் இங்கனயே நிக்குதேன். பட்டுச்சுன்னா அப்பமே கூட்டிட்டுப் போயிருவேன்.”

ஹெச்.எம்.மிடம் கேட்கவில்லை. பீரோவைத் திறந்தேன்.

முதல் பந்திலேயே சுவரோரத்திலிருந்து அமலியின் குரல். “வலது பக்கம்ட்டி!” மொத்த வகுப்பும் திரும்பியது. “ஆன்ட்டி, சத்தம் போடக் கூடாது!” பெ.யும்: “அம்மா, சும்மா இரு.” அமலி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இசக்கி பக்கம் ஐந்து, பெ. பக்கம் மூன்று. சனிக்கிழமையிலிருந்து இசக்கி பக்கத்து மூவரும் சந்தில் கண்ணை மூடிப் பழகினார்களாம். பெ. அழுதாள். அடிபட்டல்ல, தோற்று. இசக்கி நீட்டிய கையைத் தட்டிவிட்டாள்.

அமலி பட்டறைக்கு ஓடுகிற அவசரத்தில் என்னிடம் வந்தாள். முகம் சிவந்திருந்தது. திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

“அந்தப் பிள்ள கோட்டத் தாண்டி நின்னு எறிஞ்சுச்சு டீச்சர். ரெண்டு தடவ. நீங்க என்னத்தப் பாக்கீங்க?”